அண்ணனுக்குப் படித்துக் காட்டாத அட்டைகள்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும், பங்கு மக்களுக்கும், எங்கள் கம்பெனியில் வேலை பார்த்த பிள்ளைகளுக்கும் என் வணக்கம். அண்ணனைப் பற்றி நீயே எழுது என்று அண்ணி சொன்னார். அவரோடு கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். கம்பெனி தொடங்கிய நாள் முதல் கதவைப் பூட்டிய நாள் வரை கூட இருந்தவளும் நான்தான். அவருடைய வாழ்க்கையை முதலில் சொல்கிறேன். அதில் நான் செய்தது ஒன்று வரும். அதை விட்டுவிட்டு எழுத இரண்டு முறை முயன்றேன். வரவில்லை.

கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில், மாந்தோப்புகளுக்கு நடுவே இருக்கும் சின்ன ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பா மாங்கூழ் ஆலையில் பாய்லர் பார்த்தவர். மாம்பழம் வரும் மாதங்களில் வேலை இருக்கும், மற்ற மாதங்களில் வீட்டில் இருப்பார். அப்பா இறந்தபோது அண்ணனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஏழு. பழுதான ரேடியோக்களைச் சரிசெய்து கொடுத்துக்கொண்டே அண்ணன் ஐ.டி.ஐ. முடித்தார். ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும் அம்மாவையும் என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போய் ஓட்டு வீடு ஒன்றில் குடிவைத்தார். என்னைக் கல்லூரி வரை படிக்க வைத்தவர் அவர். பொம்பளைப் பிள்ளைக்கு எதற்கு இத்தனை படிப்பு என்று கேட்ட சித்தப்பாவிடம், "நாளைக்கி எனக்குக் கடுதாசி படிச்சிச் சொல்ல ஆள் வேணும் சித்தப்பா" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார். கடைசியில் என் வேலையே அதுவாகத்தான் ஆனது.

செல்போன் வந்த புதிதில் அண்ணன் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, ஓசூர் பஸ் நிலையத்துக்கு அருகில் போன் பழுது பார்க்கும் கடை போட்டார். எல்லைக்குப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு தொல்லை இருந்தது. ஜூஜுவாடி தாண்டி அத்திப்பள்ளிக்குள் கால் வைத்தால் போன் கர்நாடகத்து டவரைப் பிடித்துக்கொள்ளும். வரும் அழைப்புக்கும் காசு போகும். சில வீடுகளில் கூடத்தில் தமிழ்நாடு, சமையலறையில் கர்நாடகம். அதனால் பலரும் இடுப்பில் ஒன்று, சட்டைப் பையில் ஒன்று என்று இரண்டு போன் வைத்திருந்தார்கள். பெங்களூருக்கு ரோஜாப்பூ லோடு ஓட்டும் டிரைவர் ஒருவர் ஒருநாள் இரண்டு போனையும் மேசையில் வைத்து, இரண்டையும் ஒன்றாக்கிக் கொடுங்கள் என்று கேலியாகக் கேட்டுவிட்டுப் போனார். கேட்டவர் மறந்திருப்பார். அண்ணன் மறக்கவில்லை.

அப்படிப் பிறந்ததுதான் எங்கள் போன். இரண்டு சிம், நடுவில் ஒரு பொத்தான். அழுத்தினால் தமிழ்நாடு, திரும்ப அழுத்தினால் கர்நாடகம். உள்ளே இருக்கும் சர்க்யூட் பலகைகள் வெளியிலிருந்து வந்தன. மற்றதெல்லாம் அண்ணன் யோசித்தது. விசைகளில் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்று எழுத்தும் இருந்தன. மூன்று மொழி போட்ட போனை இந்தப் பக்கத்தில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. ஜனங்கள் அதற்கு 'பார்டர் போன்' என்று பெயர் வைத்தார்கள். கம்பெனி வைத்த பெயர் பெட்டியின் மேல் மட்டும் இருந்தது.

ஒரு ஷெட்டில் தொடங்கியது மூன்று ஷெட் ஆனது. அஞ்செட்டி, தளி, கெலமங்கலம் பக்கத்திலிருந்து பெண் பிள்ளைகள் கம்பெனி வண்டியில் வேலைக்கு வந்தார்கள். மதிய சாப்பாட்டு நேரத்தில் மூன்று மொழியிலும் வம்பளப்பு நடக்கும். அண்ணன் எல்லோரோடும் சேர்ந்து வரிசையில் நின்றுதான் சாப்பாடு வாங்குவார். முதலாளி என்று யாராவது சொன்னால் திரும்பியே பார்க்க மாட்டார். அண்ணா என்று கூப்பிட்டால்தான் திரும்புவார்.

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எங்கள் விலாசம் அச்சிட்ட, தபால்தலை ஒட்டத் தேவையில்லாத நான்கைந்து அட்டைகள் வைப்போம். போனைப் பற்றி மனதில் பட்டதை எழுதிப் போடலாம். திங்கட்கிழமை காலை போன்களை ஒன்றுசேர்க்கும் லைன் ஓடத் தொடங்குவதற்கு முன்னால் எல்லோரும் நிற்க, அந்த வாரத்து அட்டைகளில் பத்தைச் சத்தமாகப் படிக்க வேண்டும். தமிழ் அட்டைகளை நான் படிப்பேன். கன்னடத்தையும் தெலுங்கையும் லைனில் வேலை பார்த்த மஞ்சுளா படிப்பாள். பூசையில் வேதாகமம் படிப்பதுபோல அண்ணன் கைகட்டி நின்று கேட்பதைப் பார்த்து, அதற்குப் பிள்ளைகள் 'வாசகம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். இந்துப் பிள்ளைகள்கூட, "அக்கா, இன்னிக்கி வாசகம் பெருசா?" என்று கேட்பார்கள்.

பத்து அட்டைகளைப் பொறுக்குவது என் வேலை. முதல் வாரத்திலேயே அண்ணன் எனக்குச் சொல்லிவிட்டார்:

"திட்டு இருக்கறத முதல்ல படி பாப்பா. பாராட்டு எங்கயும் ஓடிப்போவாது."

அப்படியே செய்தோம். டிராக்டர் ஓட்டும்போது மணி கேட்கவில்லை என்று ஒருவர் எழுதினார். அண்ணன் ஒரு டிராக்டரை வாடகைக்குப் பிடித்து முற்றத்தில் உறுமவிட்டு, பக்கத்தில் போனை அடிக்க வைத்து, காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அடுத்த மாதம் வந்த போனின் மணியில் ஊரே விழித்துக்கொள்ளும். எழுத்து அழிந்துபோகிறது என்று பாகலூரிலிருந்து ஒரு தையற்காரம்மா எழுதினார். எழுத்தை மேலே அச்சடிப்பதை விட்டுவிட்டு விசையிலேயே வார்த்தோம். எங்கள் போனைச் செய்ததில் பாதி அண்ணன், பாதி அந்த அட்டைகள்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் மதியம் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டோர் வாசலில் உட்கார்ந்துவிட்டார். பெங்களூரில் ஆபரேஷன் நடந்தது. மனதை அலட்டிக்கொள்ளக் கூடாது என்று டாக்டர் சொன்னார். ஆஸ்பத்திரி நடையில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு மூணு மாசத்துக்கு நல்ல அட்டையா பாத்துப் படிம்மா. அப்பறம் எப்பவும் போல படி" என்றார்.

அண்ணி மூன்று மாதத்துக்குத்தான் கேட்டார். இதைப் படிக்கிறவர்கள் அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் திரும்பி வந்த முதல் திங்கட்கிழமை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மெலிந்து, சட்டை தோளில் தொங்கியது. நான் பத்து அட்டை படித்தேன். பத்தும் பாராட்டு. பிள்ளைகள் கைதட்டினார்கள். "இவ்ளோ நல்லாவா சொல்றாங்க" என்று அண்ணன் கேட்ட முகம் இன்னும் எனக்கு முன்னால் இருக்கிறது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது. நானே மருந்து கொடுத்துப் பிழைக்க வைத்ததுபோல இருந்தது.

மூன்று மாதம் முடிந்தது. அண்ணன் கோயிலுக்கு நடந்து போய் நடந்து வரும் அளவுக்குத் தேறினார். நான் நிறுத்தவில்லை. திடீரென்று திட்டு அட்டைகளைப் படித்தால், இத்தனை நாள் இவை எங்கே இருந்தன என்று கேட்பாரே என்ற பயம் ஒன்று. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை கைதட்டல் எனக்குப் பிடித்துப்போயிருந்தது. வாசகம் முடிந்ததும் பிள்ளைகள் என்னைச் சுற்றி நிற்பார்கள். அண்ணன் என் தலையில் கை வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போவார். கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவள் நான். அந்தக் கைக்காகக் காத்திருந்தேன்.

அட்டைகள் மாறத் தொடங்கியது அந்தச் சமயத்தில்தான். ரோமிங் கட்டணம் இல்லாமல் போய்விட்டதால் இரண்டு சிம்முக்கு அவசியம் குறைந்தது. ஊரெங்கும் தொடுதிரை போன் வந்தது. 'மகள் போட்டோ அனுப்புகிறாள், உங்கள் போனில் தெரியவில்லை' என்று ஒருவர் எழுதுவார். 'வீடியோ வருகிற மாதிரி எப்போது செய்வீர்கள்' என்று இன்னொருவர். முதலில் வாரத்துக்கு நான்கைந்து வந்தன, பிறகு பாதி அட்டைகள் அதுவாகவே ஆயின. எல்லாவற்றையும் என் அறை பீரோவில் போட்டுப் பூட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் வாரத்துக்கு ஒன்று மறைத்தேன்.

மஞ்சுளாவுக்கு மட்டும் தெரியும். கன்னட, தெலுங்கு அட்டைகளை அவள்தான் எனக்குப் படித்துச் சொல்வாள். ஒருநாள், "அக்கா, இதெல்லாம் எடுத்து வெக்கறீங்களே, அண்ணாகிட்ட காட்ட மாட்டீங்களா?" என்று கேட்டாள். அண்ணனுக்கு மறுபடி நெஞ்சு வலி வந்தால் நீ பொறுப்பா என்று அவளை அதட்டினேன். அதன் பிறகு அவள் கேட்கவே இல்லை.

அப்போது எங்களிடம் தேவராஜ் என்ற இளம் பொறியாளர் இருந்தார். அவர் தானாகவே பாடுபட்டு தொடுதிரை போனின் மாதிரி ஒன்றைச் செய்து கொண்டுவந்தார். அதே மூன்று மொழி, அதே பெரிய எழுத்து, டிராக்டர் சத்தத்திலும் கேட்கும் அதே மணி. அண்ணன், தேவராஜ், நான் மூன்று பேரும் அண்ணன் அறையில் உட்கார்ந்தோம். அண்ணன் அதை வாங்கி விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவருக்குப் பிடித்திருந்தது, எனக்குத் தெரியும். ஆனால் அவர் தன் ஆசையை நம்பி எதையும் செய்கிறவர் அல்ல.

"நல்லாத்தான் இருக்குது. நம்ம ஜனங்க கேக்கறாங்களா?" என்று சொல்லி என் பக்கம் திரும்பினார். "அட்டைல யாராச்சும் இத கேட்டிருக்காங்களா பாப்பா?"

அன்று காலை தபாலில் நாட்றாம்பாளையத்திலிருந்து ஓர் அட்டை வந்திருந்தது. ஓர் அம்மா, எழுதத் தெரிந்த ஒரு பிள்ளையை விட்டு எழுதியிருந்தார். மகன் துபாயில் இருக்கிறான், பார்த்து நான்கு வருடம் ஆகிறது, பக்கத்து வீட்டில் போனிலேயே மகன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். 'முகம் தெரியும் போன் நீங்களே செய்யுங்கள். வேறு கம்பெனி போன் வாங்க மனசு வரவில்லை. நீங்கள் செய்யும்வரை காத்திருக்கிறேன்.' அதற்கு முன்னாலும் இரண்டு முறை எழுதியிருந்தார். அந்த அட்டை என் மடியில் இருந்த நோட்டுக்குள் இருந்தது.

"இல்லண்ணா" என்றேன்.

அண்ணன் அந்தப் போனை மேசையில் வைத்தார். "கேக்காதத நாம திணிக்கக் கூடாது தம்பி" என்று தேவராஜிடம் சொன்னார். தேவராஜ் மூன்று மாதத்தில் பெங்களூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். அவருக்கு அண்ணன் மேல் இன்னும் வருத்தம் இருப்பதாகக் கேள்வி. தம்பி, இதைப் படித்தால் அந்த வருத்தத்தை விட்டுவிடுங்கள்.

அதன் பிறகு நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். கடைக்காரர்கள் பெட்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். இரண்டு ஷிப்ட் ஒன்றானது. மூன்று ஷெட்டில் இரண்டைக் காலி செய்தோம். வேலையை விட்டு நிறுத்த வேண்டிய ஒவ்வொரு பிள்ளைக்காகவும் அண்ணன் தானே போய் வேறு தொழிற்சாலை வாசல்களில் நின்று வேலை கேட்டார். வெயிலில் பைக்கில் போய் வந்து முகம் கறுத்துப்போனது. அட்டைகளும் குறைந்தன. எழுதி எழுதி அலுத்துப்போனார்கள். ஒரு திங்கட்கிழமை படிக்க ஓர் அட்டைகூட இல்லை. அண்ணன் கொஞ்ச நேரம் கைகட்டியபடி நின்றுவிட்டு, "சரி, வேலையைப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த வருடமே கம்பெனியை மூடினோம்.

வீட்டு வாசலில் ஒரு மேசையைப் போட்டு அண்ணன் மறுபடியும் பழுது பார்க்க உட்கார்ந்தார். வந்ததெல்லாம் தொடுதிரை போன்கள். ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டார். இதென்ன கம்பசூத்திரமா என்று சொன்னார். அவரால் முடிந்திருக்கும். கேட்டிருந்தால் செய்திருப்பார்.

ஒருநாள் நான் காபி கொண்டுபோய் வைத்தேன். கையில் ஏதோ ஒரு போனின் உடைந்த கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்:

"டச் வந்ததுல எனக்கு வருத்தம் இல்ல பாப்பா. இவ்ளோ வருசம் அட்டை போட்டவங்க, அது வேணும்னு ஒருத்தர் ஒரு வார்த்த எழுதலயே. சொல்லாமயே போயிட்டாங்க. நம்ம ஜனங்கன்னு நெனச்சேன்."

"விடுண்ணா, காபி ஆறிப்போவும்" என்றேன்.

அந்த ஒரு வாய்ப்பு மட்டும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பூசை முடிந்து ஒன்றாகத்தான் நடந்து வருவோம். பீரோவிலிருந்து எடுத்து வந்த அட்டைகள் என் வீட்டுப் பரணில் ஒரு சாக்கில் இருந்தன. சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு வாரமும் வீட்டு வாசல் வரை வந்து, அண்ணியிடம் குழம்பு என்ன என்று கேட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன்.

போன வருடம் மறுபடி நெஞ்சு வலி வந்தது. இரண்டாம் நாள் ஃபாதர் வந்து, நெற்றியில் எண்ணெய் பூசிச் செபித்து, நோயில்பூசுதல் கொடுத்தார். அதற்கு முன்னால் அண்ணன் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அண்ணியிடம், பிள்ளைகளிடம், பக்கத்து வீட்டுக்காரரிடம்கூட. என் முறை வந்தது.

"உன்ன வேலைக்கி வெச்சி, உன் வயசயும் அதுலயே தின்னுட்டேன் பாப்பா. மன்னிச்சிக்கோ."

அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நான் அவர் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எல்லோரும் பாசத்தில் அழுகிறாள் என்று நினைத்தார்கள். அப்போதும் சொல்லவில்லை. மறுநாள் காலை அண்ணன் போய்விட்டார்.

அடக்கத்தன்று வந்தவர்கள் அண்ணனின் நல்ல குணத்தைப் பேசினார்கள். கூடவே, காலத்தோடு ஓடத் தெரியவில்லை பாவம், யானைக்கும் அடி சறுக்கும் என்றும் பேசினார்கள். நான் அங்கேயே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். மஞ்சுளா வந்திருந்தாள். இப்போது பாகலூர் பக்கம் ரோஜாப் பண்ணையில் வேலை பார்க்கிறாள். கை நிறைய வெள்ளை ரோஜா கொண்டுவந்து அண்ணன் காலடியில் வைத்தாள். போகும்போது என் பக்கத்தில் குனிந்து, "அக்கா, நான் யார்கிட்டயும் சொல்லல" என்றாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

தவக்காலத்தில் ஃபாதரிடம் இதைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கடவுள் மன்னித்துவிட்டார் என்று ஃபாதர் சொன்னார். ஆனால் ஒரு மனிதருடைய பெயரை எந்தச் சபையில் குறைய விட்டாயோ, அந்தச் சபையிலேயே போய்ச் சொல் என்றார். அண்ணியிடம் சொன்னேன். அண்ணி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே வந்தார். "எழுது. நான் கேட்டதையும் எழுது, விட்டுடாத" என்றார். அதன் பிறகு அவரும் என் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வெகுநேரம் அழுதார்.

அண்ணனின் கடைசி நாட்களில் உடனிருந்து பார்த்துக்கொண்ட டாக்டருக்கும் செவிலியர்களுக்கும், செபித்த பங்குத்தந்தைக்கும் கன்னியர்களுக்கும், பெட்டியைத் தோளில் சுமந்த எங்கள் லைன் பிள்ளைகளுக்கும், மூன்று நாள் எங்கள் வீட்டு அடுப்பை எரிய விடாமல் சாப்பாடு கொண்டுவந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. மஞ்சுளா, உனக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதியில்லை. இனி நீ யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம்.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அஞ்செட்டியிலிருந்தும், நாட்றாம்பாளையத்திலிருந்தும், ஆனேக்கல்லிலிருந்தும், குப்பத்திலிருந்தும் அட்டை எழுதியவர்களே, இந்த மலர் உங்களில் எத்தனை பேர் கைக்கு வரும் என்று எனக்குத் தெரியாது. கிடைக்கிற ஒருவராவது மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். நீங்கள் அண்ணனிடம் சொல்லாமல் போகவில்லை. கெஞ்சிக் கேட்டீர்கள், மூன்று மூன்று முறை எழுதினீர்கள். அண்ணனும் கேட்காமல் இருக்கவில்லை. என் முகத்தைப் பார்த்து நேராகக் கேட்டார். உங்களுக்கும் அவருக்கும் நடுவே நின்றவள் நான். அவர் சாகும்வரை உங்கள் மேல் வருத்தத்தோடு இருந்தார். அந்த வருத்தம் என் மேல் வந்திருக்க வேண்டியது.

கண்ணீருடன்,
தங்கை